பயிற்சி முடித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? மலையக மாற்றுத்திறனாளிகளும் அரசாங்கக் கணக்கும்

பண்டாரவளை வாசகர் ஒருவரின் கேள்வி
2025 ஜூன் 8

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சி பற்றி அரசாங்கம் ஒரு புதுப் படிவம் கொண்டுவருவதென்றால், முதலில் அதை வர்த்தமானியில் போட்டு 60 நாட்கள் மக்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். நம் இலங்கையில் கணக்கே எடுப்பதில்லை. மலையகத்தில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? ஆட்களையே தெரியாதவர்கள் திட்டம் போட்டு என்ன பயன்?

2025 ஜூன் 8, இரவு

கணக்கே எடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. 2001 தொகைமதிப்பிலும் கேட்டார்கள், 2012இலும் கேட்டார்கள். 2001இல் வந்த விகிதம் 2 வீதத்துக்கும் குறைவு. 2012இல் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களில் பெண்களே கூடுதல். பதினோரு ஆண்டுகளில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் இத்தனை மடங்கு பெருகிவிடவில்லை, கேட்ட விதம்தான் மாறியது. 2001இல் வீட்டில் குறைபாடு உள்ளவர் யார் என்று கேட்டார்கள். வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் அந்தத் தொகைமதிப்பு முழுமையாக நடக்கவும் இல்லை. 2012இல் பார்ப்பது, கேட்பது, நடப்பது, ஞாபகம் வைத்திருப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழு 2001இல் அமைத்த வாஷிங்டன் குழுவின் முறையைத் தழுவியது அது.

நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் தொகைமதிப்புத் திணைக்களத்துக்கு நெடுங்காலமாக உண்டு. ஆகவே எண்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வந்து என்ன செய்கிறது என்ற கணக்குதான் இல்லை. நான் வருடக்கணக்காகத் தேடுவது அதைத்தான்.

2025 ஜூன் 9

ஏன் தேடுகிறேன் என்று கேட்கிறார் நானுஓயாக்காரர் ஒருவர். சொல்கிறேன்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தோம். நான் இப்போது பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். அவன் பதினெட்டு வயதில் கீழ்நாட்டில் உள்ள ஓர் அரச பயிற்சி நிலையத்துக்குப் போனான். தையல். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம், சிறு கொடுப்பனவும் உண்டு. சொல்லிக்கொடுத்தவர் சிங்களத்தில்தான் எழுதிக் காட்டுவார். ஆனாலும் நல்ல மனிதர், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். தம்பி நன்றாகக் கற்றான். இன்றைக்கும் ஒருவரைப் பார்த்த பார்வையில் அளவைப் பிடித்துத் துணியை வெட்டிவிடுவான்.

பயிற்சி முடிந்தது, சான்றிதழ் கொடுத்தார்கள், அதிகாரிகள் வந்து படம் எடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்தான். அங்கே கற்றது ஆடைத் தொழிற்சாலையின் மின் இயந்திரத்தில் தைக்க. நகரத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் அவனைத் தைக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. மணி அடித்தால் இவனுக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினால் முடிகிற விஷயம் அது.

இப்போது ஜனவரியில் பள்ளிச் சீருடை தைக்கிறான், தீபாவளிக்குச் சட்டை தைக்கிறான். மற்ற மாதங்களில் கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைய கூலிக்கு, கொழுந்து பறிக்கிறான். பயிற்சி நிலையத்திலிருந்தோ, அனுப்பிய அலுவலகத்திலிருந்தோ ஒருவரும் இதுவரை அவனைப் பற்றி விசாரிக்கவில்லை. அந்த ஆண்டு அறிக்கையில் அவன் ‘பயிற்சி பெற்றோர்’ என்ற கட்டத்துக்குள் இருப்பான். அந்தக் கட்டம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தானே அடுத்த ஆண்டும் அதே தையல், அதே இயந்திரம், அதே எண்ணிக்கை என்று முடிவெடுக்கிறார்கள்? அதனால்தான் தேடுகிறேன்.

2025 ஜூன் 10

தம்பிக்கு மேலே எழுதியதைக் காட்டினேன். பெயரைப் போடவில்லையே என்று சரிபார்த்துக்கொண்டான். பிறகு, சட்டை தைக்க ஆள் வருவதாக இருந்தால் பெயரைப் போடு என்று சைகை காட்டிச் சிரித்தான்.

2025 ஜூன் 12

பதுளையிலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளிகளில் 71 வீதத்தினர் வேலையற்றவர்கள் என்று எழுதியிருக்கிறார். இந்த எண்ணைக் கூட்டங்களிலும் அடிக்கடி சொல்கிறார்கள். 2012 தொகைமதிப்பிலிருந்து வருவதுதான், ஆனால் அது ‘பொருளாதார ரீதியில் செயற்படாதோர்’ என்ற கணக்கு. வேலை தேடியும் கிடைக்காதவர் என்பது வேறு, வேலைச் சந்தைக்கு வெளியே இருப்பவர் என்பது வேறு. பார்வை மங்கிய எழுபது வயதுப் பாட்டியும் அந்த 71க்குள் இருக்கிறார். முழங்கால் தேய்ந்து, ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு மலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவும் இருக்கிறார்.

நமக்கு வேண்டியது 18 வயது முதல் 45 வயது வரை உள்ளவர்களின் கணக்கு. அதிலும் தோட்டத்துறை தனியாக வேண்டும். எண்ணைப் பெரிதாக்கிக் காட்டினால் கவனம் கிடைக்கும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மறுநாள் ஒரு புள்ளிவிபர உத்தியோகத்தர் வயதைப் பிரித்துக் காட்டினால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

2025 ஜூன் 15

நடப்பதைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாஷிங்டன் குழுவின் கேள்வி, நடப்பதில் அல்லது படி ஏறுவதில் சிரமம் உண்டா என்பது. பதில் நான்கு வகை: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது.

எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, பஸ் ரோட்டுக்கு வர நூற்றுக்கணக்கான படிகள். மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் விழுந்து இடுப்பு உடைந்த ஓர் அக்கா பக்கத்து லயத்தில் இருக்கிறார். வீட்டு வாசலில் நன்றாக நடப்பார். தண்ணீர்ப் பீலி வரைக்கும் போவார். ரோட்டுக்கு மட்டும் வரமுடியாது. அவரிடம் ‘நடப்பதில் சிரமமா’ என்றால் ‘கொஞ்சம்’ என்பார். கொழும்பில் இருந்தால் அந்தக் ‘கொஞ்சம்’ சரி. இங்கே அந்த அக்கா ஆஸ்பத்திரிக்கோ, பிரதேச செயலகத்துக்கோ, பயிற்சிக்கோ போக முடியாதவர்.

சர்வதேச ஒப்பீட்டுக்கு ‘மிகுந்த சிரமம்’ என்பதிலிருந்துதான் கோடு போடச் சொல்கிறது வாஷிங்டன் குழு. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும். அந்தக் குழுவின் முறை நல்ல முறை, உலக நாடுகள் பலவற்றில் பயன்படுகிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மலைச்சரிவில் வாழும் மக்களுக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி சேர்க்கலாம்: யாருடைய துணையும் இல்லாமல் பஸ் ரோடு வரை போய் வர முடியுமா?

அதோடு, வீட்டுத் தலைவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்கிறார். வலிப்பு வரும் மகளைப் பற்றிக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் தகப்பன் என்ன சொல்வார்? ‘ஒன்றும் இல்லை’ என்பார். அவர் பக்கத்தில் அந்தப் பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். நான் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தது இது.

2025 ஜூன் 16

மேலே சொன்ன அக்காவுக்கு உதவித்தொகை கிடைக்கிறதா என்று கேட்டவருக்கு: இன்னும் இல்லை, விண்ணப்பம் போயிருக்கிறது. அரசாங்கத்தின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும வந்த பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாயானது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்ந்தது. உயர்வு நல்லது. கொடுப்பனவு பெறுவோரின் பட்டியலும் ஒரு கணக்குதான். ஆனால் அது வறுமையையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல். அதை மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2025 ஜூன் 20

பண்டாரவளைக்காரர் தொடங்கிய அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். ஒரு வாரமாக அதைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே காகித வேலைக் குறைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1980இல் வந்தது, 1995இல் திருத்தி எழுதப்பட்டது. ஓர் அரச நிறுவனம் மக்களிடம் படிவம் நிரப்பச் சொல்ல வேண்டுமானால், முதலில் 60 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும், பிறகு வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்துக்கு அனுப்பும்போது இன்னும் 30 நாட்கள். இந்தத் தகவல் உண்மையில் தேவையா, நிரப்புகிறவருக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், சுமையைக் குறைக்க வழி உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் சொல்ல வேண்டும். அனுமதி இலக்கம் இல்லாத படிவத்தை நிரப்பாவிட்டால் அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்புனர்வாழ்வு அங்கே நூறு ஆண்டு பழையது. பொதுமக்களுக்கான திட்டம் 1920இல் தொடங்கியது, இன்றைய அடித்தளம் 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம். ஒவ்வொரு பயனாளியைப் பற்றியும் மாநிலங்கள் மத்திய நிர்வாகத்துக்கு அனுப்பும் அறிக்கைக்கு 911 என்று இலக்கம். முன்பு கோப்பு மூடப்பட்ட பிறகு ஆண்டுக்கொரு முறை அனுப்பினார்கள். 2017இலிருந்து திறந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துக் காலாண்டுக்கு ஒரு முறை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வேலைக்குச் சேர்ந்து குறைந்தது 90 நாட்கள் நிலைத்தால்தான் அந்தக் கோப்பை வெற்றி என்று மூட முடியும். 2014இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அதுவும் போதாது. திட்டத்தை விட்டுப் போன இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் அந்த நபர் வேலையில் இருக்கிறாரா, இரண்டாவது காலாண்டில் அவருடைய வருமானம் என்ன என்று பார்க்கிறார்கள். தம்பியைப் பற்றி நான் கேட்கும் கேள்வி அங்கே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. வீட்டு வேலை பார்ப்பவர், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர் என்ற பிரிவுகளையும் வெற்றிக் கணக்கில் சேர்த்து வந்தார்கள். 2016இல்தான் விதியை மாற்றி நீக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனியாக வைத்து மிகக் குறைந்த கூலி கொடுக்கும் பாதுகாப்புப் பட்டறைகளும் 2001 வரை வெற்றிக் கணக்கில்தான் இருந்தன. எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களையே முதலில் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையைக் காட்டும் ஆசை எந்த நாட்டு அதிகாரிக்கும் வரும்.

பயிற்சி முடித்து வீட்டில் சும்மா இருக்கும் எத்தனை தோட்டத்துப் பெண் பிள்ளைகளைப் பற்றி நம் கோப்புகளில் ‘குடும்பத்துக்கு உதவி செய்கிறார்’ என்று எழுதியிருப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் போகவில்லை. சம்பளத்துக்கு ஒரு வேலையைக் கேட்டுத்தான் போனார்கள்.

2025 ஜூன் 21

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. முதலாளிமார் காலாண்டுக்கு ஒரு முறை கொடுக்கும் சம்பளப் பதிவோடு பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம்மிடம் அதற்கு ஈடாக ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958ஆம் ஆண்டின் சட்டம், கணக்குகளை வைத்திருப்பது மத்திய வங்கி. பயிற்சி முடித்தவரின் அடையாள அட்டை இலக்கத்துக்குப் பணம் விழுகிறதா என்று பார்த்தால் யார் நிரந்தர வேலைக்குப் போனார்கள் என்பது மேசையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும்.

ஆனால் கைக்காசுக்குப் போகிறவர், வீட்டில் தைத்து விற்கிறவர், நகரத்தில் கடையில் நிற்கிறவர், யாரும் அதில் அகப்படமாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம்தான். ஆகவே ஒப்பீடு பாதி வேலை. மீதிக்கு ஆளைத் தேடித்தான் போக வேண்டும்.

2025 ஜூன் 22

‘தபாலில் ஒரு படிவம் அனுப்பினால் போதுமே’ என்று எழுதியவர் மலையகத்தில் வாழ்ந்தவராக இருக்க முடியாது.

எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அல்லது யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு அழைப்புக் கடிதம் வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று வீடும் சுற்றும். வேலை செய்யாத மாற்றுத்திறனாளியின் பெயர் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இருக்காது. ஆகவே அவருக்கு வரும் கடிதம் யாருக்கு வந்தது என்று ஆபீசில் இருப்பவருக்கே தெரியாது.

தபாலை நம்பிச் செய்யும் எந்தப் பின்தொடர்விலும் தோட்டத்துறை முதலில் விழுந்துபோகும். பிறகு ‘பதில் அளிக்கவில்லை’ என்று அதையும் ஓர் எண்ணாகப் போடுவார்கள்.

கிராம உத்தியோகத்தர் வழியாகச் செய்யலாம் என்கிறார்கள். ஒரு காலத்தில் நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் ஐந்தே பிரதேச செயலகங்கள். அம்பகமுவ ஒன்றிலேயே இரண்டு இலட்சம் அளவு மக்கள். அண்மையில் பிரித்துக் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய் வருவதற்குள் அவருடைய நாள் முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பகுதி உத்தியோகத்தர் கால்நடையாகவே வருவார், மழையென்று பார்ப்பதில்லை.

பிள்ளைக் காம்பராவையும் டிஸ்பென்சரியையும் பயன்படுத்தலாம் என்பது என் யோசனை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்கிக் கொடுக்க நாங்கள் தயார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

2025 ஜூன் 23

மேலே சொன்னதில் ஓர் அபாயம் இருக்கிறது என்று தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவர் தோட்ட நிர்வாகத்தின் ஆள் இல்லையா? நிர்வாகத்துக்கு எதிரான பதிலை அவரிடம் யார் சொல்வார்கள்?

நியாயமான கேள்வி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதைச் சக்கரத்தில் கையைக் கொடுத்த ஒருவர், அது எப்படி நடந்தது என்று என்னிடம் சொல்லத் தயங்கத்தான் செய்வார். வேலை, வருமானம், கற்ற தொழில் பற்றிய கேள்விகளை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு, விபத்து பற்றியதை வெளியாள் கேட்பது நல்லது.

2025 ஜூன் 24

ஸ்டோர் விபத்து என்றதும் நினைவுக்கு வந்தது. வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. நட்டஈடு கேட்டால் ஒரு கோப்பு பிறக்கும். அந்தக் கோப்பு தொழில் பக்கம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் பிரதேச செயலகத்தில் இன்னொரு கோப்பு. தோட்டத்தில் செக்ரோலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது மூன்றாவது பதிவு. விரலை இழந்த ஒருவர் மூன்று இடத்திலும் இருக்கிறார், மூன்று இடமும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. நட்டஈட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு மறுபயிற்சி தேவையா என்று கேட்க வேண்டியவர் யார் என்பது எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. ஒற்றைக் கையோடு செய்யக்கூடிய வேலைகள் ஸ்டோரிலேயே எத்தனையோ உண்டு: கணக்கு எழுதுவது, நிறுவைக்கு நிற்பது, தூளைத் தரம் பார்ப்பது.

2025 ஜூலை 1

ஆராய்ச்சியாளர்கள் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேள்விக்கொத்தோடு லயத்துக்கு வருகிறார்கள். தேநீர் போட்டுக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்கிறோம். அம்மாவிடம், உங்கள் மகனால் உங்களுக்கு எவ்வளவு மனச்சுமை என்று ஐந்து வரை எண் கொடுக்கச் சொன்னார் ஒருவர். அம்மா எண் சொல்லவில்லை, ‘அவன் எனக்கு விறகு உடைத்துத் தருகிறான்’ என்றார். அதை எழுதிக்கொள்ள அந்தத் தாளில் இடமில்லை.

அந்த ஆய்வுகளின் முடிவு ஒன்றுகூட எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. வருகிறவர்களிடம் நான் இப்போது கேட்பது இதுதான்: முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, நாங்கள் கூடும் இடத்தில் வந்து வாசித்துக் காட்டுங்கள். தப்பாக விளங்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் 60 நாள் ஏற்பாடு செய்வதும் ஏறக்குறைய இதுதான், கேள்விகளை முன்கூட்டியே சம்பந்தப்பட்டவர்களுக்குக் காட்டுவது. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கேள்விக்கொத்தை அச்சிடுவதற்கு முன் காது கேளாத நான்கு பேரிடமும், சக்கர நாற்காலியில் இருக்கும் நான்கு பேரிடமும் காட்டினால் போதும்.

2025 ஜூலை 5

பெயர்ப்பட்டியல் வேண்டும், ஒவ்வொரு தோட்டத்திலும் பதிவேடு வேண்டும், அதை இணையத்தில் போட வேண்டும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பதிவேடு வேண்டும். இணையத்தில் போடக் கூடாது.

ஓர் உதவித் திட்டத்தில் பெயர்களை நோயோடும் குறைபாட்டோடும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் முழுவதும் ஒரு தாய் அந்தப் பக்கமே வரவில்லை. மகளுக்கு மனநோய் என்று அதில் எழுதியிருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. எண்களை வெளியிடுங்கள், பிரதேச செயலக வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக. பெயர்களைப் பூட்டி வையுங்கள்.

ஒரு சிறிய டிவிஷனில் ‘பார்வையற்ற பெண், 25 முதல் 30 வயது: 1’ என்று போட்டாலும் பெயரைப் போட்டது மாதிரிதான். அங்கே மாவட்ட மட்டத்தில் கூட்டிச் சொன்னால் போதும்.

2025 ஜூலை 19

அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கீடு இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமே என்கிறார் நுவரெலியாவிலிருந்து ஒரு ஆசிரியர்.

இருக்கிறது ஐயா. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை உரிய தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும். 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தை நாடு ஏற்று உறுதிசெய்தது. அதன் 27ஆவது உறுப்புரை தொழில் பற்றியது, 31ஆவது உறுப்புரை புள்ளிவிபரம் பற்றியது. தரவைத் திரட்டவும், பிரித்துக் காட்டவும், மாற்றுத்திறனாளிகளுக்கே எட்டும்படி வெளியிடவும் அரசாங்கம் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘உரிய தகைமை’ என்ற இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். தம்பியோடு ஒத்த வயதில் எங்கள் தோட்டத்தில் நடக்க முடியாத ஒரு பெண் இருந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போனார், எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் அவருக்கும் முடியவில்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதாத பிள்ளைக்கு அந்த 3 வீதத்தில் இடமில்லை. ஆகவே ஒதுக்கீட்டை எத்தனை பேர் பெற்றார்கள் என்று கேட்கும்போது, பள்ளியை எந்த வகுப்பில் விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2025 ஜூலை 20

சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையங்களில் ஒன்று கண்டி மாவட்டத்தில் வத்தேகமவில் இருக்கிறது. தூரத்துக்குப் பயந்து பிள்ளையை அனுப்பாமல் இருக்கும் பெற்றோர் அதை விசாரிக்கலாம். சேர்க்கைக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பேசுங்கள். தம்பியின் கதையை வாசித்துவிட்டு யாரும் பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிட வேண்டாம். அவன் அங்கே போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாமல் இருந்திருப்பான். அங்கேதான் முதல்முறையாகச் சைகையில் முழுதாகப் பேசும் நண்பர்களைக் கண்டான். இன்னமும் இரவில் அவர்களோடு கைபேசித் திரையில் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பான். எந்தக் கட்டத்திலும் எழுதப்படாத பலன் அது.

2025 ஜூலை 27

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்டிருப்பவை:

கடந்த ஐந்து ஆண்டுகளில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து அரச தொழிற்பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களில் தோட்டத்துறையைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் விட்டவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? பயிற்சி முடிந்து ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அவர்களைத் தொடர்புகொண்ட பதிவு ஏதாவது உண்டா? உண்டென்றால் எத்தனை பேர் கற்ற தொழிலிலேயே இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அது எனக்குத் தேவை. எழுத்தில், முத்திரையோடு தேவை. அதை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

2025 ஆகஸ்ட் 3

விண்ணப்பத்தைப் பார்த்த தலவாக்கலைத் தங்கை ஒரு திருத்தம் சொன்னார், ஏற்றுக்கொண்டேன். தோட்டத்துறை என்று மட்டும் கேட்டால், அப்படிப் பிரித்து வைக்கவில்லை என்று கையை விரித்துவிடுவார்கள். விண்ணப்பப் படிவத்தில் முகவரி இருக்குமே, கிராம உத்தியோகத்தர் பிரிவு இருக்குமே, அந்தப் பிரிவு வாரியான எண்ணிக்கையைக் கொடுங்கள், நாங்களே பிரித்துக்கொள்கிறோம் என்று மாற்றி எழுதிவிட்டேன். நாளை காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வலப்பனைப் பக்கமும் அப்புத்தளைப் பக்கமும் யாராவது இதையே உங்கள் பிரதேச செயலகத்தில் கொடுக்க முடிந்தால் எழுதுங்கள், பிரதியை அனுப்புகிறேன். பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.